அப்பா துடைச்ச கண்ணாடி!

“வந்து பாருய்யா, உன் வண்டி எப்படி மின்னுதுன்னு!”

போன வருஷம் ஆயுதபூஜை காலை. அப்பா வாசலிலிருந்து குரல் கொடுத்தபோது நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பேஸ்ட் நுரையோடு அப்படியே எட்டிப் பார்த்தேன். (இந்த பேஸ்ட்டைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு சோக சீனில் வருகிறது!)

எங்கள் ஊர் பேரையூர். மதுரையிலிருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி என்று தென்மேற்கே வந்தால் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். தாலுகாவுக்கே தலைநகரம். ஆனாலும் ஆபீஸில் எவனாவது ஊரைக் கேட்டால், “கல்லுப்பட்டி பக்கம்” என்று சொன்னால்தான் தலையை ஆட்டுவான். மதுரையில் ஓர் ஆபீஸில் கணக்கு எழுதுகிற உத்தியோகம் எனக்கு. ஆறு வருஷம் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்த பலனாக, பேங்க் கடன், சீட்டுப் பணம், அம்மாவின் ஒரு ஜோடி வளையல் எல்லாம் சேர்ந்து ஒரு செகண்ட் ஹேண்ட் ஆல்டோவாக அவதாரம் எடுத்தது. மாட்டு வண்டிக்கு அப்புறம் எங்கள் வம்சத்தில் நுழைந்த முதல் வண்டி.

அப்பா சம்சாரி. பருத்தியும் சோளமும்தான் அவர் உலகம். ஆயுதபூஜைக்கு முன்பெல்லாம் கலப்பையைக் கழுவிப் பொட்டு வைப்பார். இந்த வருஷம் கலப்பை இடத்தில் ஆல்டோ. விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சந்தனம், குங்குமம், மாலை, நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம்... கல்யாணப் பெண் தோற்றது போங்கள்!

அப்போதுதான் கிழக்கே கிளம்பிய வெயில் கண்ணாடியில் சாய்வாக விழுந்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. முன் கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை பின்னியமாதிரி வட்டம் வட்டமாகக் கீறல்!

“எதை வச்சுப்பா தேய்ச்சீங்க?”

“அம்மா பாத்திரம் விளக்குற பச்சை நாரு இருந்துச்சுல்ல... அதான். எவ்வளவு தேய்ச்சாலும் மங்கலாவே இருந்துச்சுய்யா. விடுவேனா? இன்னும் ஒரு அழுத்து அழுத்தி...”

அவர் முடிக்கவில்லை. நான் ஆரம்பித்துவிட்டேன். தெருவே பார்க்கிறது என்ற நினைப்பு இல்லாமல், “கண்ணாடிக்கும் கரிப்பிடிச்ச சட்டிக்கும் வித்தியாசம் தெரியாதாப்பா?” என்று கத்தினேன். அப்பா ஒன்றுமே பேசவில்லை. கையிலிருந்த நாரைப் பிழிந்து, குழாய்க் கல்மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். அதற்கப்புறம் ரொம்ப நாள் அவர் கார் பக்கமே வரவில்லை.

‘எவ்வளவு தேய்ச்சாலும் மங்கலாவே இருந்துச்சு’ என்று அவர் சொன்னாரே... அந்த வார்த்தையை அன்றைக்கு நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கண்ணு தெரியலையா?

பகலில் அந்தக் கீறல்கள் சாதுவாகத்தான் இருந்தன. உச்சி வெயிலில் தேடினாலும் கிடைக்காது. சூரியன் தாழ்ந்துவிட்டால் போதும், ஆட்டம் ஆரம்பம். எங்கள் ஊர்க்காரனுக்கு இதில் ஒரு விசேஷ சாபம் உண்டு. காலையில் மதுரைக்குப் போகும்போது வடகிழக்கே போகிறோம், சூரியன் எதிரில். சாயங்காலம் தென்மேற்கே திரும்புகிறோம், அப்போதும் சூரியன் எதிரில்! போகும்போதும் வரும்போதும் முகத்தில் டார்ச் அடிக்கிற டூட்டி அவருக்கு.

ராத்திரி அதைவிட மோசம். கார்த்திகை மாசம், மதுரையில் ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மா பக்கத்து சீட்டில். கல்லுப்பட்டியைத் தாண்டிப் பேரையூர் ரோட்டில் திரும்பியாயிற்று. எதிரே ஒரு லாரி, ஹெட்லைட்டை இறக்காமல் வந்தது. அவ்வளவுதான், கண்ணாடி முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்துவிட்டது. ரோடும் தெரியவில்லை, ரோட்டோரப் புளியமரமும் தெரியவில்லை. கண்ணாடிக்குப் பதில் யாரோ வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டமாதிரி!

“டேய்... ஆளு!”

அம்மா போட்ட சத்தத்தில் கால் தானாக பிரேக்கை மிதித்தது. லாரி கடந்து போனதும் பார்த்தால், என் பம்பருக்கும் ஒரு சைக்கிளின் பின் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. கேரியரில் பால் கேனைக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தார். நிதானமாகத் திரும்பிப் பார்த்தார்.

“என்னப்பு... கண்ணு தெரியலையா?”

திட்டக்கூட இல்லை. நிஜமாகவே விசாரித்தார். வீடு வந்து சேரும்வரை அம்மா பேசவில்லை. எனக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

‘லேசான கீறல்தானே’ என்று அதுவரை நினைத்திருந்தேன். லேசான கீறலுக்கு ராத்திரியில் லேசான விளைவு இல்லை சார். ஒவ்வொரு கீறலும் ஒரு குட்டி வாய்க்கால். நேராக வருகிற வெளிச்சம் அந்த வாய்க்காலின் கரையில் மோதி நாலா பக்கமும் சிதறும். வீட்டில் எவர்சில்வர் தட்டை பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பல்பைச் சுற்றி வட்டம் வட்டமாக மின்னும். தட்டில் கீறல் எல்லாப் பக்கமும்தான் ஓடுகிறது. வெளிச்சத்தைக் குறுக்கே மறிக்கிற கீறல் மட்டும் நம் கண்ணுக்கு மின்னுவதால் வட்டமாகத் தெரிகிறது. அதே வித்தை கார் கண்ணாடியில் நடந்தால், எதிரே வருகிற ஒரு லைட் ஓராயிரம் லைட்டாகப் பெருகும். நடுவில் சைக்கிள் இருந்தால் அதை முழுங்கிவிடும்.

ஆளுக்கொரு வைத்தியம்

மறுநாள் ஆபீஸில் சொன்னேன். நம் ஊரில் வைத்தியம் சொல்ல டாக்டர் பட்டம் எதற்கு? ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள்.

“டூத்பேஸ்ட் போடுய்யா. பேஸ்ட்டுக்கு மிஞ்சின மருந்தே கிடையாது!” — இது கேஷியர்.

“நெயில் பாலிஷ். நிறமில்லாதது வாங்கணும்” — டைப்பிஸ்ட் அக்கா.

“சாம்பலும் எலுமிச்சம்பழமும்...” என்று பியூன் அண்ணன் ஆரம்பித்தார். இன்னொரு தடவை பாத்திரம் விளக்க எனக்கு மனசில்லை. நகர்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு ட்யூப் பேஸ்ட்டைப் பிதுக்கி, பழைய பனியனால் மூணு மணி நேரம் தேய்த்தேன். பலன்? கார் முழுக்கப் புதினா வாசனை. ஓரத்து ரப்பரிலெல்லாம் வெள்ளைப் பூச்சு. கீறல் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. என் காருக்குப் பல்வலி வராது என்பது மட்டும் உறுதி!

காரணம் ரொம்ப சிம்பிள். பள்ளிக்கூடத்தில் படித்த ‘மோஸ்’ அளவுகோல் ஞாபகம் இருக்கிறதா? ஃப்ரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் 1812-ல் போட்ட வரிசை. எது எதைக் கீறும் என்று 1 முதல் 10 வரை மார்க். வைரத்துக்கு 10. நம் நகத்துக்கு இரண்டரை. கண்ணாடிக்கு ஐந்தரை. அதிக மார்க் வாங்கியது குறைந்த மார்க் வாங்கியதைக் கீறும், அவ்வளவுதான். பேஸ்ட்டில் பல பிராண்டுகளில் இருக்கிற சுண்ணாம்புப் பொடிக்கு மார்க் 3. அது கண்ணாடியை என்ன செய்யும்? கீறலுக்குள் உட்கார்ந்துகொண்டு கொஞ்ச நேரம் மறைக்கும். ஒரு மழை பெய்தால் போயே போச்சு. நெயில் பாலிஷும் அந்தக் கதைதான்.

அதுவே நம் தெருப் புழுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் இருக்கிற குவார்ட்ஸுக்கு மார்க் 7! ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் அம்மி பறந்து நான் பார்த்ததில்லை, மண் பறக்கும். அந்த மண் காரின் மேல் படிந்திருக்கும்போது காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால், அது துடைப்பதல்ல, உப்புத்தாள் போடுவது. பாத்திரம் விளக்குகிற பச்சை நார்களில் அலுமினியம் ஆக்ஸைடு என்ற பொடியை ஒட்டியிருப்பதுண்டு. அதன் மார்க் 9. வைரத்துக்கு அடுத்த வீடு! அப்பா பாவம், வைரத்தின் ஒண்ணுவிட்ட தம்பியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்திருக்கிறார்.

நகம் சொல்லும் ஜாதகம்

கடைசியில் திருமங்கலத்தில் ஒரு கார் கண்ணாடிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். கடைக்கார அண்ணன் முதலில் கையில் எடுத்தது மெஷினை இல்லை, ஒரு குவளைத் தண்ணீரை. கண்ணாடியை நன்றாகக் கழுவினார். “பாதிப் பேரு உப்புக்கறையைக் கீறல்னு நினைச்சு வந்துர்றாய்ங்க தம்பி. போர் தண்ணி காஞ்சா வெள்ளை வெள்ளையா நிக்கும். வினிகரைத் தண்ணியில கலந்து தொட்டுத் துடைச்சா அது போயிரும். போகாம நிக்கிறதுதான் கீறல்.”

அப்புறம் ஆள்காட்டி விரல் நகத்தை நிமிர்த்திக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்தார்.

“நகம் வழுக்கிட்டுப் போனா மேலாகக் கீறல். பாலிஷ்ல போயிரும். நகம் டக்குனு மாட்டுச்சுன்னா ஆழம். அதை பாலிஷ் போட்டு எடுக்கணும்னா சுத்தியிருக்கிற கண்ணாடியையும் அந்த ஆழத்துக்கு இறக்கணும். இறக்கினா அந்த இடம் லென்ஸ் மாதிரி ஆயிரும். ரோடு வளைஞ்சு தெரியும். விரிசல் இருந்தா மெஷினை வைக்கவே கூடாது.”

“இது?”

“பயப்படாதீங்க. வட்டம் வட்டமா இருக்கே, இதெல்லாம் மேலாகத்தான்.” நகம் வழுக்கிக்கொண்டு போனது. எனக்குப் போன உயிர் திரும்பியது. அண்ணன் கொஞ்சம் நகர்ந்து, டிரைவர் பக்கம் வந்தார். டக். டக். நகம் ரெண்டு இடத்தில் மாட்டியது.

“ஆனா வில்லு மாதிரி இந்த ரெண்டு கோடு இருக்கே, இது வேற. இது நாரு போட்டதில்ல. வைப்பர் போட்டது. ரப்பர் கிழிஞ்சு உள்ள இருக்கிற தகடு உரசியிருக்கு. காஞ்ச கண்ணாடியில மண்ணோட வைப்பரைப் போடுற பழக்கம் யாருக்கு?”

எனக்குத்தான். தினமும் காலையில் ஆபீஸுக்கு லேட் ஆகிவிடும். கண்ணாடியில் புழுதி இருக்கும். தண்ணீர் ஊற்ற நேரமில்லாமல் வைப்பரை நாலு தட்டு தட்டிக்கொண்டு கிளம்புவேன். ரப்பர் கிழிந்திருப்பது தெரியும். அடுத்த மாசச் சம்பளத்தில் பார்க்கலாம் என்று நாலு சம்பளம் தாண்டியாயிற்று. தெரு முழுக்க நிற்கவைத்து அப்பாவைக் கத்தினேனே... அவர் போட்டது போய்விடும். நான் போட்டது போகாது!

மணல் போட்ட கீறலுக்கு மணலே மருந்து

அண்ணன் ஒரு டப்பாவைத் திறந்தார். உள்ளே வெளிர் ரோஸ் நிறத்தில் மாவு மாதிரி ஒரு பொடி. சீரியம் ஆக்ஸைடு. மூக்குக் கண்ணாடி லென்ஸ், டெலஸ்கோப் கண்ணாடி எல்லாவற்றுக்கும் மெருகு போடுகிற சரக்கு இதுதான். இது கண்ணாடியைச் சும்மா சுரண்டுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து கண்ணாடியின் மேற்பரப்பை ரசாயன ரீதியாகவே இளக வைத்து, இழை இழையாக எடுக்கிறது. அதனால்தான் புதுக் கீறல் விழாமல் பழைய கீறல் மறைகிறது.

இந்த சீரியத்துக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு சொந்தம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது கிடக்கிறது. சீரியம் அதில் ஏராளம். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் ரசாயனக்காரர் கண்டுபிடித்தார். எப்படித் தெரியுமா? இங்கிருந்து கப்பலேறிப் போன தேங்காய் நாரில் ஒட்டிக்கொண்டிருந்த மணலைப் பார்த்து! கேஸ் விளக்கு மேன்ட்டிலுக்கு அப்போது தோரியம் தேவைப்பட்டது, அதுவும் மோனசைட்டில் உண்டு. மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் மணவாளக்குறிச்சியில் இன்றும் மணல் பிரிக்கிறது. ஆக, கண்ணாடியைக் கீறுவதும் மணல், கீறலைத் தீர்ப்பதும் மணலில் இருந்து வருகிற சரக்கு. நார் கெடுத்த கதையில் இன்னொரு நார் வந்து உதவியிருக்கிறது பாருங்கள்!

அண்ணன் ரொம்ப நல்லவர். “கூலி கொடுத்தா நான் போட்டுத் தர்றேன். பொறுமை இருந்தா நீங்களே வீட்டுல போடலாம்” என்று பொடியும் ஃபெல்ட் சக்கரமும் கொடுத்து, முறையையும் சொல்லி அனுப்பினார். நான் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தினேன். வெயிலில் சுட்ட கண்ணாடியில் கை வைக்கவே கூடாது. ஷாம்பு போட்டுக் கழுவி, கீறல் இருக்கும் இடங்களைக் கண்ணாடியின் உள்பக்கமாக ஸ்கெட்ச் பேனாவால் வட்டமிட்டேன். பாலிஷ் போடும்போது வெளியே சேறாகிவிடும், எங்கே கீறல் என்று தெரியாது, அதற்கு. வைப்பரைக் கழற்றி, பானெட்டையும் ரப்பர் ஓரங்களையும் பாலிதீன் போட்டு மூடி டேப் ஒட்டினேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பொடியில் தண்ணீர் விட்டுக் கெட்டியான மோர் பதத்துக்குக் கரைத்தேன். வேகத்தைக் குறைக்க வசதியுள்ள டிரில் மெஷின் ஒன்றை இரவல் வாங்கி ஃபெல்ட் சக்கரத்தை மாட்டினேன்.

விதி மூன்றுதான். அழுத்தாதே, ஓர் இடத்தில் நிற்காதே, காய விடாதே. மெதுவான வேகத்தில் சக்கரத்தை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பைத் தாண்டிச் சுட்டால் நிறுத்திவிட வேண்டும். சூடேறினால் கண்ணாடி விரிசல் விடும், அப்புறம் பாலிஷ் செலவோடு புதுக் கண்ணாடிச் செலவும்!

“தண்ணி நான் அடிக்கட்டுமா?”

திரும்பிப் பார்த்தேன். அப்பா. பூச்சிமருந்து அடிக்கிற கைத்தெளிப்பான் ஒன்று, புத்தம்புதுசு, அவர் கையில். கல்லுப்பட்டியில் போய் வாங்கி வந்திருக்கிறார். நான் தலையை ஆட்டினேன். காலை ஒன்பது மணி முதல் மத்தியானம் இரண்டு வரை நான் மெஷினை ஓட்ட, அவர் சளைக்காமல் தண்ணீர் அடித்தார். ரெண்டு பேருக்கும் பேச்சு ‘இந்தப் பக்கம்’, ‘அந்தப் பக்கம்’ தவிர வேறு இல்லை.

கடைசியாகக் கழுவித் துடைத்தபோது, சிலந்தி வலை காணோம்! வில் மாதிரி என் ரெண்டு கோடு மட்டும் மிச்சம்.

எனக்கு அப்படியேதான்யா இருக்கு

ராத்திரி டெஸ்ட். பக்கத்து வீட்டுத் தம்பியை பைக்கோடு தெருக்கோடியில் நிறுத்தி ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன். நான் ஸ்டீயரிங்கில், அப்பா பக்கத்து சீட்டில். விளக்கு விளக்காகத் தெரிந்தது. தெருவில் படுத்திருந்த நாய்கூடத் தெரிந்தது!

“பளிச்சுன்னு ஆயிருச்சுல்லப்பா?”

அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “எங்கய்யா... எனக்கு அப்படியேதான் இருக்கு. லைட்டைச் சுத்தி வட்டம் வட்டமா... வெள்ளையா பூத்துப்போய்.”

ஏதோ உறைத்தது. “கீழ இறங்குங்கப்பா” என்றேன். இறங்கினார். “இப்பப் பாருங்க.”

கண்ணாடியே இல்லாமல் வெறும் கண்ணால் அந்த லைட்டைப் பார்த்தார்.

“இப்பவும் அதே வட்டந்தான். ரெண்டு வருஷமாவே இப்படித்தானே இருக்கு. எல்லாருக்கும் ராத்திரியில அப்படித்தான் தெரியும்னு நினைச்சேன்.”

அப்படியே நின்றேன். ஆயுதபூஜை காலையில் எவ்வளவு தேய்த்தாலும் மங்கலாகவே இருந்தது என்றாரே... மங்கல் கண்ணாடியில் இல்லை. இல்லாத அழுக்கைத் துடைக்க மனுஷன் விடியற்காலையிலிருந்து அழுத்தி அழுத்தித் தேய்த்திருக்கிறார். அது மட்டுமா? இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் ரெண்டு வருஷமாக டி.வி.எஸ். 50-ல் ராத்திரி நேரம் கிணற்று மோட்டார் போட்டுவிட்டு வருகிறார். எத்தனை லாரி எதிரே வந்ததோ! என் கண்ணாடிக் கீறலால் ஒரு பால்காரப் பெரியவர் ஒரு முழத்தில் தப்பினார். அப்பா எத்தனை முழத்தில் தப்பினாரோ, யார் கண்டது?

கண்புரை. மருந்துக்குக் கரையாது, பாலிஷ் போடவும் முடியாது. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸே பால் மாதிரி மங்கிப்போவது. எதிர் வெளிச்சம் கூசுவதும், விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் அதன் அடையாளங்கள். மங்கின லென்ஸை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைப்பது ஒன்றுதான் வழி.

அதிர்ஷ்டம், நாம் மதுரைக்காரர்கள். அரசு வேலையிலிருந்து 58 வயதில் ரிட்டயர் ஆன டாக்டர் ஜி.வெங்கடசாமி, 1976-ல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தது நம் மதுரையில்தான். முடக்குவாதத்தில் வளைந்துபோன விரல்களோடு ஆயிரக்கணக்கில் கண்புரை ஆபரேஷன் செய்த மனிதர். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸைக் குறைந்த விலையில் தயாரிக்க ஆரோலேப் 1992-ல் தொடங்கப்பட்டதும் மதுரையில்தான்.

அந்த லென்ஸ் பிறந்த கதை இன்னும் ஆச்சரியம். இரண்டாம் உலகப் போரில் குண்டடி பட்ட விமானங்களின் விமானி அறைக் கண்ணாடி நொறுங்கி, சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்தன. அது நிஜக் கண்ணாடி அல்ல, அக்ரிலிக் பிளாஸ்டிக். கண் அந்தச் சில்லை எதிர்க்காமல் சும்மா இருப்பதை ஹெரால்ட் ரிட்லி என்ற லண்டன் கண் டாக்டர் கவனித்தார். ‘அப்படியானால் இதிலேயே லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைத்தால் என்ன?’ 1949-ல் வைத்தும் காட்டினார். ஒரு வண்டியின் கண்ணாடி உடைந்ததில்தான் உலகத்துக்கே பார்வை கிடைத்திருக்கிறது!

இதையும் குறிச்சு வச்சுக்குங்க

அப்பா கதையை முடிப்பதற்குள் கையில் ஓட்டும் நண்பர்களுக்கு நாலு வார்த்தை.

* காய்ந்த கண்ணாடியில் வைப்பர் போடாதீர்கள். முதலில் தண்ணீர், அப்புறம் வைப்பர். நம் வெயிலில் வைப்பர் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாற்றுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் மாற்றினால் உத்தமம். அதன் விலையையும் கண்ணாடி விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் தள்ளிப்போட மனசு வராது.

* முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. ரெண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு ஒட்டிய சாண்ட்விச். 1903-ல் பெனெடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரர் கை தவறிப் போட்ட குடுவை, உள்ளே காய்ந்திருந்த ரசாயனப் பூச்சினால் சிதறாமல் நின்றதைப் பார்த்துப் பிறந்த யோசனை. அதே 1903-ல்தான் மேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி வைப்பருக்குப் பேட்டன்ட் வாங்கினார். (கண்ணாடியும் அதைக் கீறுகிற ஆளும் ஒரே வருஷத்துக் குழந்தைகள்!)

* ஆழமான கீறல் டிரைவரின் நேர்ப்பார்வையில் இருந்தால் பாலிஷில் சமாளிக்காதீர்கள், மாற்றுங்கள். மாற்றும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். ஒட்டிய பசை இறுக எத்தனை மணி நேரம் என்று கேட்டு, அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். புது மாடல் கார்களில் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருந்தால், அந்த இடத்தில் நீங்களாக பாலிஷ் போடவே வேண்டாம்.

* தேய்மானக் கீறலுக்கு இன்ஷூரன்ஸ் வராது. கல் பட்டு உடைந்தால் முழு இன்ஷூரன்ஸில் வரும், கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவும் கிடையாது. ஆனால் க்ளெய்ம் போட்டால், அதற்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தாலொழிய, நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும். அது 20 முதல் 50 சதவிகிதம் வரை. கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

* கூச்சத்தை மறைக்கக் கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமே என்று நினைக்காதீர்கள். 2012-ல் சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை போட்டது. முன் கண்ணாடி வழியே குறைந்தது 70 சதவிகித வெளிச்சம் வந்தாக வேண்டும். ராத்திரியில் ஃபிலிம் கூச்சத்தோடு ரோட்டையும் சேர்த்து மறைக்கும்.

* எல்லாவற்றுக்கும் மேல், எதிர் லைட் கூசினால் முதலில் கீழே இறங்கி வெறும் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். அப்படியும் கூசினால் கோளாறு கண்ணாடியில் இல்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

தை பிறந்ததும் அப்பாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. எல்லாம் முடிந்து வெளியே வர எனக்குத்தான் யுகமாகத் தெரிந்தது. அவர் என்னவோ, “அவ்வளவுதானாய்யா?” என்று கேட்டார். மறுநாள் கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஹீரோ மாதிரி காரில் ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். எதிரே சாயங்கால வெயில். திருமங்கலம் தாண்டும்வரை அப்பா வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார். போர்டு போர்டாகப் படித்தார். ரோட்டோரக் கடலைச் செடியில் பூ இருக்கிறது என்றார்.

எனக்கு அன்றைக்குக் கத்தினது தொண்டையில் முள்ளாக நின்றுகொண்டிருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. “அப்பா... அன்னைக்கு ஆயுதபூஜைக்கு...” என்றேன்.

அவர் அதைக் கேட்டமாதிரியே தெரியவில்லை. முன்னால் குனிந்து கண்ணாடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் விரலை நீட்டினார்.

“ஏய்யா, ரெண்டு கோடு வில்லு மாதிரி அப்படியே கிடக்கு... நான் அன்னைக்குத் தேய்ச்சது இன்னும் போகலையா?”

“அது நீங்க போட்டதில்லப்பா. நான் போட்டது.”

அப்பா என்னைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் தெரியவில்லை. ஆனால் மீசை சிரித்தது.

“கண்ணாடிக்கும் சட்டிக்கும் வித்தியாசம் தெரியாதாய்யா உனக்கு?”